கூட இருந்த நட்சத்திரம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாசலில் பந்தல்காரர் கயிறுகளை அவிழ்ப்பதற்குள் என் விஷயத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு அவசரம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எனக்கும் அவசரம்தான். அன்று இரவு சென்ட்ரலிலிருந்து கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் எனக்கு டிக்கெட் இருந்தது. மறுநாள் மாலைக்குள் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாக வேண்டும். அப்பா இறந்ததற்காக ஒருமுறை தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். இன்னொரு முறை முடியாது, அடுத்து நிற்பவரைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று மரியாதையான ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள்.

அப்பா லட்சுமணன் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, எதையோ மறந்துவிட்டவர் மாதிரி வாசற்படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நான் எம்.எஸ்ஸி. முடித்து, பரீட்சை எழுதி, நேர்முகத்தில் தேறி, கடிதம் கைக்கு வந்த வாரத்தில்தானா போக வேண்டும்? அழுகைக்கு நடுவிலும் அந்தக் கோபம் ஆறவில்லை. என் சுபாவம் அப்படி.

காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஜமக்காளத்தை விரித்து நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். ஒருவர் பெரியப்பா வேம்புலி. வேப்பம்பட்டில் நிலம் நீச்சோடு இருப்பவர். பாதி நிலம் பிளாட்டாகிவிட்டது, மீதியில் இன்னும் நெல் போடுகிறார். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். இன்னொருவர் அவர் மகன் உத்தமன். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் அவன்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். அதனால் அன்று காலை அவனுக்குத்தான் உருமால் கட்டினார்கள். சாப்பாடு முடிந்தும் அந்தத் தலைப்பாகையை அவன் கழற்றவில்லை. தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் இரண்டு தடவை கண்ணாடி பார்த்துவிட்டு வந்தான். மூன்றாமவர் அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் இருந்த வீரராகவன், யூனியன்காரர், நல்ல மனுஷன். நாலாவது நான், தாட்சாயிணி.

அம்மா உள்ளறையில் இருந்தாள். அவள் அண்ணன் வீட்டார் போட்ட கோடிப் புடவையில், கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கான மூலை அது. ஆனால் துக்கம் இல்லாத நாளிலும் பெரியப்பா வந்தால் அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால்தான். புருஷனுக்கு அண்ணன், மூத்தார். அவர் எதிரில் உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. காபியில் சர்க்கரை போதுமா என்பதைக்கூட என்னை விட்டுத்தான் கேட்பாள்.

வீரராகவன் ஒரு விண்ணப்பத்தாளை ஜமக்காளத்தில் வைத்து நிலைமையை விளக்கினார். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு ஃபேக்டரியில் வேலை கொடுப்பார்கள். அதற்கான கமிட்டி நாளைக் காலை கூடுகிறது. அது கலைந்தால் அடுத்து எப்போது கூடும் என்று ஆண்டவனுக்கே தெரியாது, அதற்குள் எத்தனை பேர் வரிசையில் முந்துவார்களோ. வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் நம்மிடமே இருக்கும். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். தாளில் என் பெயரை அவரே எழுதிவிட்டிருந்தார். என் கையெழுத்தும், எனக்கு விட்டுக்கொடுப்பதாக அம்மாவின் கையெழுத்தும்தான் பாக்கி.

நான் ஊட்டிக்குப் போகிறேன் என்றேன். குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து பழகி வைத்திருந்தும் உயர்ந்துவிட்டது.

பெரியப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கணக்காகப் பேசினார். நான் போனால் இந்த வீடு போகும். அம்மா வேப்பம்பட்டுக்கு வரலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. உத்தமன் பாடியில் லேத் பட்டறைக்குப் போகிறான். நான் வேலையை எடுத்துக்கொண்டால் அவன் இங்கேயே தங்கி எங்களுக்கு ஆண்துணையாகவும் இருப்பான், அவனுக்கும் அலைச்சல் குறையும். அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"உங்கம்மா எங்க ஊட்டுக்கு வந்தா நான் சோறு போடுவேன் தாட்சா. சாவுற வரிக்கும் போடுவேன். ஆனா சோறு மட்டும்தான் போட முடியும். அவ ஊடுன்னு அவளுக்கு இருக்காது. மறைச்சி சொல்ல எனக்குத் தெரியாது."

உள்ளறையில் வளையல் இல்லாத கை எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பெரியப்பா தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு என்ன நினைத்தாரோ, தள்ளிய கையாலேயே அதை மூடிக்கொண்டார். அப்படி என்னதான் அந்த மலையில் இருக்கிறது, எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றார்.

"புரிஞ்சி, செரின்னு மனசுக்குப் பட்டுதுன்னா, நானே உன்ன வண்டி ஏத்தி உட்டுட்டு வர்றேன். படலன்னா இதுல கையெழுத்துப் போடு."

வேம்புலி சொன்னால் சொன்னதுதான். ஊரில் அதற்குத்தான் அவருக்கு மரியாதை. வீரராகவன் தலையாட்டினார். உத்தமன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். நேர்முகத்தில் என் எதிரே ஐந்து பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அப்போதுகூட எனக்கு இப்படி நாக்கு ஒட்டவில்லை. அவர்களிடம் தோற்றால் பட்டியலில் ஒரு பெயர் போகும், அவ்வளவுதான். இங்கே தோற்றால் நாளைக் காலை ஃபேக்டரி வாசல்.

பெரிய நட்சத்திரங்களில் ஆரம்பித்தேன். சூரியனைவிடப் பல மடங்கு பெரியது, கடைசிக் காலத்தில் எரிவதற்கு ஒன்றுமில்லாமல் போகும். உள்ளே எரியும்வரை அந்தச் சூடுதான் அதன் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. எரிவது நின்றதும் நடுப்பகுதி தன் பாரத்தாலேயே நொறுங்கி உள்ளே விழும். சூரியனைவிடக் கனமான அந்த நடுப்பகுதி வேப்பம்பட்டுக்கும் பாடிக்கும் நடுவில் அடங்கிவிடும் அளவுக்குச் சுருங்கும். அந்த அதிர்ச்சியில் வெளிப்பகுதி முழுவதும் வெடித்துச் சிதறும். நடுவில் மிஞ்சுவதற்கு நியூட்ரான் நட்சத்திரம் என்று பெயர்.

"வெடிக்கிறது சுத்தியும்தானே வெடிக்குது? நடுவுல இருக்கிறது நடுவுலயேதானே கெடக்கணும்" என்றார் பெரியப்பா.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருந்தார். எல்லாப் பக்கமும் சரிசமமாக வெடித்தால் நடுவிலேயே கிடக்கும், ஆனால் அப்படிக் கிடப்பதில்லை, ஓடுகிறது என்றேன். பெரியப்பா வயலில் பம்புசெட் ஓடும்போது ரப்பர் குழாயைக் கையை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தண்ணீர் முன்னால் பாயும், குழாய் பின்னால் எகிறும், ஒருமுறை உத்தமன் மூக்கில் அடித்திருக்கிறது என்றார். உத்தமன் முகம் சுருங்கியது. வீரராகவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டேங்க்கில் சுடும்போது குண்டு முன்னால் போக, குழல் பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்கும் பாகத்தைப் பூட்டுவதுதான் அவருக்கும் அப்பாவுக்கும் வேலை. லட்சுமணன் பூட்டினால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதேதான் என்றேன். வெடிப்பில் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் பீறிட்டால், நடுவில் இருப்பது எதிர்ப்பக்கம் உதைபடும். ரொம்ப அதிகம் வேண்டாம். நூற்றில் ஒரு பங்கு ஏறுமாறாகப் போனாலே போதும். வெடிப்பு அவ்வளவு பெரியது. உதைபட்டது ஆவடியில் கிளம்பினால் ஒரு விநாடியில் ஊட்டி.

பெரியப்பா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். இதை யார் பார்த்தது என்று கேட்டார். அந்த நட்சத்திரம் கலங்கரை விளக்கு மாதிரி சுழன்றுகொண்டே ரேடியோ அலைகளை வீசும், நடுவில் இருக்கும் மெல்லிய வாயுவைத் தாண்டி வரும்போது அது மினுக்கும், எவ்வளவு சீக்கிரம் மினுக்குகிறது என்பதை வைத்து எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணிக்கலாம் என்றேன். அதற்குத்தான் ஊட்டியில் மலைச்சரிவு முழுக்கக் கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"செரி. ஏன் ஒரு பக்கம் மட்டும் சாஸ்தி வெடிக்குது?"

"தெரியாது பெரியப்பா. உலகத்துல யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அதுக்குத்தான் போறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பஞ்சாயத்தில் பொய்சாட்சியையும் நிஜசாட்சியையும் பார்த்துப் பழகிய கண். தெரியாது என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று தோன்றியது. தாளின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்தார். பந்தல்காரர் மூங்கிலைக் கீழே போடும் சத்தம் வாசலில் கேட்டது.

"ஒதபட்டுப் போனது திரும்பி வருமா?" என்று கேட்டார்.

வராது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? பாதிக்கு மேல் நம் பால்வீதியை விட்டே வெளியேறிவிடும் வேகத்தில் போகின்றன என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் என் பக்கம் கொஞ்சம் குறைந்துபோனது தெரிந்தது. எடுத்த கை மறுபடி தாளின் ஓரத்துக்கு வந்தது.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பதினாறு நாளாக ஒப்பாரியைத் தவிர வேறெதற்கும் திறக்காத தொண்டை, கரகரவென்றிருந்தது. வழக்கம்போல என் பெயரைச் சொல்லி, எனக்குச் சொல்வது மாதிரிதான் கேட்டாள்.

"தாட்சா, அது தனியாவா இருந்திச்சி? கூட ஒண்ணும் இருக்காதா?"

கேட்கக் கூடாத கேள்வி அது. பெரிய நட்சத்திரங்களில் பெரும்பாலானவை தனியாக இருப்பதில்லை, இரண்டு இரண்டாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் என் வாயைப் பார்த்தார்.

பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

"அப்போ கூட இருந்தது இன்னா ஆவும்?"

நேர்மையாக இருப்பது ஒன்று, அந்த நேரத்துக்குத் தப்பிப்பது ஒன்று. நான் தப்பிக்கப் பார்த்தேன். வெடிப்பதற்கு முன் நட்சத்திரம் இன்னும் பெரியதாக இருந்தால் மிஞ்சுவது கருந்துளை ஆகிவிடும், அதற்கும் இந்த உதை உண்டா என்று இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருச்சிக ராசிப் பக்கம் ஒரு கருந்துளையைக் கண்டுபிடித்தார்கள். அது சும்மா இல்லை, வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தன்னோடு இருந்த நட்சத்திரத்தை விட்டுவிடாமல் கூடவே கூட்டிக்கொண்டு ஓடுகிறது. இரண்டும் பிரியவே இல்லை.

சொல்லும்போதே எனக்கு வழி கிடைத்துவிட்டது. எழுந்து உள்ளறைக் கதவருகே போய் நின்றேன். அம்மாவை ஊட்டிக்கு என்னோடு கூட்டிப்போகிறேன், முதலில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டு, ஒரு மாதத்தில் வெளியே ஒரு அறை பார்த்து அழைத்துக்கொள்கிறேன், வீடு போனால் போகட்டும் என்று முன்னறைக்கும் கேட்கும்படி சொன்னேன். குளிருக்கு ஸ்வெட்டர்கூட வாங்கித் தருவதாகச் சொன்னேன். அதைச் சொன்ன வேகத்தில் எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. அடுப்படியிலிருந்து பெரியம்மா அங்கம்மா, பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மூக்கை உறிஞ்சினாள். பெரியப்பாவும் யோசிப்பது தெரிந்தது. இப்படியும் ஒரு வழி இருக்கிறதே என்று வீரராகவன் தாளை மடிக்கப் போனார்.

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். இல்லை.

"அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாதுன்னு நீதானே சொல்லுவ. தெரியாதத எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

பாவி, இத்தனை வருஷம் நான் சத்தம் போட்டுப் படித்ததையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கருந்துளை தெரியாது. ஆனால் அது கூட இருக்கும் நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து உறிஞ்சும். உறிஞ்சும்போது அந்த வாயு கொதித்து எக்ஸ் கதிர்களை வீசும். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

"இழுத்துகினு போயி உறிஞ்சிகினே கீது" என்றாள் அம்மா.

நான் அப்படிச் சொல்லவில்லை, நான் உன்னை அப்படி வைத்துக்கொள்வேனா என்று ஆரம்பித்தேன். அவள் கையை அசைத்து நிறுத்தினாள். நான் சொன்னதில் தப்பில்லை, கேட்டதற்குப் பதில்தான் இன்னும் வரவில்லை என்றாள். கூட்டிப்போகாமல் விட்டுவிட்டுப் போனால் அந்த இன்னொன்று என்ன ஆகும்? கீழே விழுமா?

இந்தப் பதில்தான் என்னைக் கவிழ்க்கப்போகிறது என்று நினைத்தேன். பிரிந்துபோகும், தனியாகிவிடும் என்று நான் சொன்ன நிமிஷமே பெரியப்பா தாளை நீட்டுவார், நானும் போட்டுவிடுவேன். ஆனால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நியாயமாக என்ன நடக்குமோ அதை அப்படியே சொன்னேன்.

"விழாதும்மா. விழறதுக்கு அங்க கீழன்னு ஒண்ணு இல்ல. வெடிச்சதுல பாதிக்கு மேல கனம் போயிட்டா ரெண்டையும் கட்டி வெச்சிருந்த இழுப்பு விட்டுப்போகும். கூட இருந்தது அதுவரைக்கும் சுத்திக்கினு இருந்த வேகத்தோட நேராப் போக ஆரம்பிச்சிடும்."

"அந்த வேகம் யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அதுதான். முன்னாடியே இருந்தது. சுத்திக்கினே இருந்ததால தெரியல."

அம்மாவுக்குப் புரிந்ததா, அவள் என்ன நினைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நட்சத்திரத்தைப் பற்றி அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பதினாறு நாள் உட்கார்ந்த கால், முதலில் நிற்கவில்லை. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று ஒதுக்கினாள். கதவுவரை வந்து, நிலையைத் தாண்டாமல் நின்று, வீரராகவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, செத்தவரு வேலை கொடும்பத்துல ஒருத்தருக்குன்னீங்க. யாரு யாருக்குன்னு வரிசையா போட்டிருப்பாங்களே. மொதல்ல யாரு?"

வீரராகவன் பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"மொதல்ல சம்சாரம், அண்ணி. அதுக்கு அப்புறம்தான் புள்ளைங்க."

"எட்டாவது படிச்சிருந்தா போதுமா?"

"ஹெல்ப்பருக்குப் போதும்."

"இத மொதல்லியே ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே அண்ணி."

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. கூடி உட்கார்ந்த யாருக்கும் தோன்றவில்லை. சட்டம் தெரிந்த யூனியன்காரருக்குத் தோன்றவில்லை, ஊருக்கே வழக்குத் தீர்க்கும் பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை, சூரியனின் எடை தெரிந்த எனக்கும் தோன்றவில்லை. அம்மாவை எங்கே வைப்பது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். வேப்பம்பட்டில் வைப்பதா, ஆவடியில் வைப்பதா, ஊட்டியில் வைப்பதா. பாத்திரம் பண்டம் மாதிரி.

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அம்மாவிடம் பேசாமல் என்னிடமே பேசினார். தாலி இறங்கி ஒரு நாள் ஆகவில்லை, ஒரு வருஷம் மூலையில் உட்கார வேண்டியவள், ஆயிரம் ஆம்பளைகள் நடுவில் சைரன் சத்தத்துக்கு ஓடுவதா, ஊரில் என்ன சொல்வார்கள், தம்பி பொண்டாட்டியை வேலைக்கு விட்டான் வேம்புலி என்று தன் முகத்தில் துப்ப மாட்டார்களா என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே அவமானமாக இருந்தது அவருக்கு. அங்கம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தாள். உத்தமன் எழுந்து நின்றுவிட்டான், எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. இதற்கெல்லாம் நான்தான் காரணம், நட்சத்திரக் கதை சொல்லிப் பெண்டுபிள்ளைகளைக் கெடுத்தேன் என்று பெரியப்பா என்னைக் கை நீட்டிச் சொன்னார்.

அம்மா அங்கம்மாவின் கையை எடுத்துவிட்டு நிலைப்படியைத் தாண்டினாள். முன்னறை நடுவில், பெரியப்பா எதிரில் வந்து நின்றாள். தலையில் முக்காடு இருந்தது, ஆனால் முகம் நேராக இருந்தது. பெரியப்பாதான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷம் பழகாத முகத்தை அவருக்கு எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"மாமா" என்றாள் அம்மா. அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க சோறு போடுவேன்னு சொன்னது பெரிய மனசு. நான் மறக்க மாட்டேன். ஆனா எனக்கு ஊடு வேணும். பேர மாத்தி எழுதச் சொல்லுங்க."

அவர் குனிந்த தலையோடு அந்தத் தாளை எடுத்து வீரராகவன் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று வீரராகவனுக்குச் சந்தேகம். அம்மாவுக்குச் சந்தேகம் இல்லை. வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று பையில் இன்னொன்று வைத்திருந்தார்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்காக இதைச் செய்யாதே, நான் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, நானே வேலைக்குப் போகிறேன், நீ இந்த வயதில் இரும்பு தூக்க வேண்டாம் என்று என்னென்னவோ பிதற்றினேன். நிஜமாகத்தான் சொன்னேன். அந்த நிமிஷத்தில் ஊட்டி, தொலைநோக்கி, மினுக்கல் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அம்மா என் கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாக இல்லை, கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைப்பது மாதிரி நிதானமாக.

"உனக்காகன்னு யாரு சொன்னது?" என்றாள். "நீ இங்கயே இருந்தாலும் நான் போவேன்."

அவளுக்காக எதை விட்டுக்கொடுப்பது என்று பதினாறு நாளாக எனக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், விட்டுப்போவதற்காக வருந்தவும் வேண்டாம் என்றாகிவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ எனக்கு வலித்தது. என்னைச் சுற்றியே அவள் இருப்பதாக நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அவள் ஜமக்காளத்தில் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, புதுத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். வீரராகவன் பேனாவைத் திறந்து கொடுத்தார். தன் பெயரைத் தானே எழுதி வெகுகாலமாகியிருக்க வேண்டும், பார்வதம் என்று எழுத அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடித்ததும் தாளை எட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஹெல்ப்பருக்கும் காலை ஷிஃப்ட் அதே மணிக்குத்தானா என்று வீரராகவனிடம் கேட்டாள்.